நாலு விரற்கடை வெள்ளிப்பொடி

திருடியவன் நான். தண்டனை அனுபவித்தவள் பேச்சியம்மாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இதோடு எழுந்து போனாலும் உங்கள் மேல் குற்றமில்லை. இருந்து கேட்பீர்கள் என்றால் ஒரு சங்கடம் உண்டு... நான் பெருமைப்படுகிற இடங்கள் இதில் நிறைய வரும். அவற்றை மறைத்துவிட்டு, அழுத முகத்தோடு எழுத எனக்கு வரவில்லை. மறைத்தவரைக்கும் போதும்!

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். எனக்கு முன்னே இரண்டு பேர் ஓட்டிக் களைத்த கார். ஆனாலும் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கார்! வெளியே பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கதவைத் திறந்தாலோ... டேஷ்போர்டின் குறுக்கே ஓடும் பிளாஸ்டிக் பட்டை, கியரைச் சுற்றிய சட்டம், நாலு கதவின் கைப்பிடி எல்லாமே நம்மூர் வெயிலில் வெளுத்துப் பொருக்குத் தட்டி, தேமல் விழுந்த முகம் போல இருந்தன.

மறுவாரமே என் மச்சினன் வந்தான். உள்ளே ஏறி உட்கார்ந்தவன் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"என்ன மச்சான், வெளிய பட்டு வேட்டி, உள்ள கிழிஞ்ச கோமணமால்ல இருக்கு!"

என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சொந்த வீட்டுக்காரி!

விருதுநகரில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரிடம் போனேன். "உள்பக்கத்துப் பிளாஸ்டிக்ல நாங்க கை வைக்கிறதில்ல அண்ணாச்சி. நிக்காது, தோலாட்டம் உரிஞ்சு போகும்" என்று கையை விரித்துவிட்டார். நிற்காதா? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் 'முடியாது' என்ற சொல் காதில் விழுந்தால் எனக்குக் கை அரிக்கும்.

கடையில் விற்கிற சில்வர் பெயிண்டைப் பூசிப் பார்த்தேன். பொன்னுத்தாய் எட்டிப் பார்த்து, "வாசக் கேட்டுக்கு அடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். சாம்பல் பூத்துக் கரடாக இருந்தது. எனக்கோ வேறொரு வெள்ளி கண்ணுக்குள் நின்றது.

கம்பெனியில் பூச்சட்டிக்கும் மத்தாப்புக்கும் சேர்க்கிற அலுமினியப் பொடி! எங்களுக்குள் வெள்ளிப்பொடி என்போம். தொட்டால் விரல் ரேகைக்குள் புகுந்துகொண்டு மின்னும். அந்த அறையில் வேலை பார்க்கும் பெண்கள் சாயங்காலம் பஸ் ஏறினால், கோயில் சிலை இறங்கி வந்தது போல இருக்கும். பக்கத்துச் சீட்டில் உட்கார மற்றவர்கள் தயங்குவார்கள்.

உள்ளே கொலுசு கூடாது, செருப்பு கூடாது. வெளியே ஒரு சிட்டிகை மருந்து போகக் கூடாது. இது கம்பெனிச் சட்டம். காலையும் மாலையும் இதை உரக்கச் சொல்லுகிறவன் யார்? நான்! கேட்டில் நின்று சோதனை போடச் சொல்லுகிறவன் யார்? அதுவும் நான்! என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்க அங்கே எவனுக்குத் தைரியம் உண்டு?

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்கிற வேலிக்குக் கூச்சம் இருக்காது என்பதை நான் அந்தத் தை மாசம் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை, பொடியை வார்னிஷில் கலந்து பிரஷ்ஷால் பூசினேன். கோடு கோடாக நின்றது. இரண்டாம் தடவை, மூட்டைப்பூச்சி மருந்தடிக்கிற பம்பில் ஊற்றி அடித்தேன். மெழுகுவத்தி மாதிரி வழிந்தது. மூன்றாம் தடவை அழகாகத்தான் வந்தது. மறுநாள் நகத்தால் சுரண்டினேன்... அந்தப் பெயிண்ட்காரர் சொன்னபடியே தோலாக உரிந்து கையோடு வந்தது! ஒவ்வொரு தோல்விக்கும் தூக்குச்சட்டி ஒருமுறை நிறைந்தது.

உரிந்த தோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பழைய சொந்தக்காரர்கள் வருஷக்கணக்காகத் தேய்த்த பாலீஷ் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஊறிக் கிடக்கிறது. எண்ணெய்த் தலையில் தண்ணீர் நிற்குமா?

எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத்தூள் போட்டு மூன்று தரம் அலசினேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மினுமினுப்புச் சாகும்வரை தேய்த்தேன். பிளாஸ்டிக்கைப் பிடிக்கிற பிரைமர் ஒன்றை மதுரையில் தேடிப் பிடித்தேன். காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் தெரிந்தவரிடம் நைலான் துணி வாங்கி, கலவையை அதில் வடிகட்டினேன். தூசி விழாமல் இருக்க நடு வீட்டில் கொசுவலையைக் கட்டி, அதற்குள் நானே மணவறை மாப்பிள்ளையாய் உட்கார்ந்துகொண்டேன்.

"சாம்பாருல தின்னர் வாடை, தலகாணியில தின்னர் வாடை! ஒண்ணு அந்தக் காரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் பொன்னுத்தாய்.

"ரெண்டும் இருக்கட்டும். நீ கொஞ்சம் தள்ளி இரு" என்றேன் வலைக்குள் இருந்து.

பனி படிகிற மாதிரி மெல்லிசாக ஐந்து தரம் அடித்தேன். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் கண்ணாடி போல ஒரு வார்னிஷ். ஒரு வாரம் தொடவே இல்லை. திரும்ப மாட்டிக் கதவைத் திறந்து காட்டினேன். பொன்னுத்தாய் முந்தானையால் தன் கையைத் துடைத்துவிட்டு, அதன் பிறகு தொட்டாள்.

பாருங்கள்... இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது என் நெஞ்சு நிமிர்கிறது! விருதுநகர்ப் பெயிண்ட்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தோற்றார். மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினான். என் முதலாளியே குனிந்து பார்த்து, "எந்த ஊர்ல குடுத்து அடிச்சீங்க?" என்று கேட்டார். "நானே வீட்ல அடிச்சேன் முதலாளி" என்றேன். எதை வைத்து அடித்தேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்த மாசிக் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வெள்ளிப்பொடி டப்பாவில் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது, அந்த அளவுக்கு வேலை ஓடவில்லை என்றார். "பொம்பளைக முடிஞ்சிட்டுப் போறாளுகளா? இன்னைக்குக் கேட்ல ஒருத்தி விடாம பாருங்க."

பார்த்தோம். பேச்சியம்மாளின் முந்தானை முடிச்சில் ஒரு பொட்டலம் இருந்தது. திருநீற்றுப் பொட்டலம் அளவுதான்.

பேச்சியம்மாள் எட்டு வருஷமாகப் பொடி அறையில் இருந்தவள். அவள் புருஷன் ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் காலில் கல் விழுந்து, ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தான். அப்போதுதான் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தான்.

"அண்ணாச்சி, அவுக காலு எந்திரிச்சா ஆத்தாளுக்கு மண்ணுல கால் செஞ்சு, வெள்ளியாப் பூசி வைக்கேன்னு நேந்துக்கிட்டேன். சம்சாரி மொத வெள்ளாமைய வைக்கான். நான் எம் பொழப்புல இருந்து ஒரு பிடி வைக்கேன்னு வாக்குக் குடுத்திட்டேன். இந்த ஒரு பிடிதான், இன்னைக்கு மட்டுந்தான். ஆத்தா சத்தியம்."

"ஒரு பிடியா? நாலு விரக்கடை போயிருக்கு!" என்று மேனேஜர் கத்தினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. நான் அப்படி எடுக்கிறவளா?"

உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் அவள் சொன்னது உண்மை என்று தெரியும். ஒன்று அவள் ஆத்தா. இன்னொன்று நான்.

ஆத்தாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆத்தாளுக்காவது கல்லு வாய்! எனக்கு? நாலு பேர் கூடிய இடத்தில் நாற்பது பழமொழி சொல்லுகிற இந்த வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது? மனசு ஒரு கணக்குப் போட்டது: பேசினால் போர்மேன் வேலை போகும், பேர் போகும், கார் சிரிப்பாய்ச் சிரிக்கும். கையை வெளிப்பக்கம் காட்டினேன். அவ்வளவுதான். அவள் பொட்டலத்தை அவிழ்த்து டப்பாவிலேயே கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனாள். ஒரு பொடி கூட மிச்சமில்லாமல் தட்டினாள்.

'பொடி எடுத்தவ' என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய்விட்டது. ஒரு கம்பெனியிலும் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் களையெடுக்கப் போகிறாள் என்று காதில் விழுந்தது. விழுந்ததைக் காதோடு விட்டேன்.

போன வருஷம் வெம்பக்கோட்டை ரோட்டில் காரில் வந்துகொண்டிருந்தேன். பஸ் நிற்குமிடத்தில் நல்ல வெயில். ஊன்றுகோலோடு ஒரு ஆள், பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை. ஏற்றிக்கொள்ளலாம் என்று நிறுத்திய பிறகுதான் முகம் தெரிந்தது.

"அண்ணாச்சியா! நல்லா இருக்கீகளா?" என்றாள் பேச்சியம்மாள்.

புருஷனை முன்னால் உட்கார வைத்து, தான் பின்னால் ஏறினாள். கொஞ்ச தூரம் போயிருப்போம். கண்ணாடியில் பார்த்தேன். கதவின் கைப்பிடியை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளி வார்த்த மாதிரில்லா இருக்கு! யாரு அண்ணாச்சி அடிச்சது?"

"நாந்தான் தாயி. நானே வீட்ல அடிச்சேன்! அஞ்சு வருசமாச்சு, ஒரு இடம் உரியல!"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது... அய்யோ! யாரிடம், எதைச் சொல்லிவிட்டேன்? நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, பயம் வந்தது இரண்டாவதாகத்தான். முதலில் வந்தது சந்தோஷம். எட்டு வருஷம் அந்தப் பொடியில் குளித்தவள் மெச்சிவிட்டாளே என்ற சந்தோஷம்!

அவள் தன் விரல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நம்ம பொடி" என்றாள்.

கேள்வி இல்லை அது. கோபமும் இல்லை. அவள் புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ரோட்டையே பார்த்தேன். அவர்கள் ஊர் வந்தது. இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு என் பக்கம் வந்து குனிந்தாள்.

"மிச்சம் ஏதும் கெடக்கா அண்ணாச்சி? அந்த மண்ணுக் காலு இன்னும் வீட்லதான் இருக்கு. கடைப் பெயிண்டு ஆகாது. எம் பொழப்புப் பொடின்னு வாக்குக் குடுத்திட்டேன். இப்ப எனக்கு யாரு தருவா?"

இருந்தது. என் வீட்டுப் பரணில் ஒரு டப்பா, கால்வாசிக்குக் குறையாமல்.

"இல்ல தாயி. அப்பவே தீந்துருச்சு."

ஏன் சொன்னேன்? இருக்கிறது என்றால் எடுத்தேன் என்று ஆகும். அதற்காகத்தானா? அவளுக்குத்தான் தெரிந்துவிட்டதே! தெரிந்தவளிடம் எதை மறைத்தேன்? இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

"சரி அண்ணாச்சி. பாத்துப் போங்க" என்றாள்.

இந்தப் பங்குனியில் ஆத்தா கோயிலுக்குப் போனேன். அந்த டப்பாவை டிக்கியில் வைத்துத்தான் போனேன். வேப்பமரத்தடியில் மண்ணால் செய்த கைகள், கண்கள், தொட்டில்கள் குவிந்து கிடந்தன. ஓரமாக ஒரு கால், முழங்கால் வரைக்கும். சுட்ட மண்ணின் சிவப்பு அப்படியே இருந்தது. ஒரு பூச்சும் இல்லை. கட்டை விரல் கொஞ்சம் கோணலாக இருந்தது. செய்தவளுக்குக் கை பழக்கமில்லை.

கார் சாவி என் கையில் இருந்தது. கூட்டம் இருந்தது. தெரிந்த முகங்கள், "காரு அண்ணாச்சி, வாங்க" என்றன.

முதலில் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். மண் குடிக்கும், ஆகையால் பிரைமர் இரண்டு தரம். அதன் மேல் மெல்லிசாக ஐந்து. அந்தக் கோணல் விரலுக்கு மட்டும் பம்பு ஆகாது, சின்னப் பிரஷ் வேண்டும்... நின்ற இடத்திலேயே மனசுக்குள் முழுசாகப் பூசி முடித்துவிட்டேன். என்னை விட நன்றாக அதை யாராலும் பூச முடியாது.

டப்பா இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது.