யானை நிற்கும் வழியில் காதலன்

நான் கம்ப்யூட்டர் வாத்தியார். தமிழம்மா லீவு என்பதால், இன்று பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பழைய காதல் பாட்டை நடத்தச் சொல்லிவிட்டார்கள்.

காட்டு வழியே தன்னைப் பார்க்க வரும் காதலனிடம், இனி இரவில் வராதே என்கிறாள் காதலி. ஏன் என்று கேட்டேன்.

"யானை நிக்குமுங்க சார்" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

கையேட்டில் இருந்த விடையைச் சொன்னேன். சீக்கிரம் கல்யாணம் செய்துகொள் என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள். கல்யாணம் ஆனால் பயம் தீர்ந்தது.

தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்தாள்.

"எங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சு ஊடு வந்து சேர்ற வரைக்கும் அம்மா தூங்கறதே இல்லீங்க சார். அவங்களுக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சுங்களே."

நான் கரும்பலகையை அழித்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் இருட்டிவிட்டது. பைக்கில் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கி, காட்டு வழியே மசினகுடி வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி அழைத்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

வழக்கமாக எரிந்து விழுவேன். இன்று பைக்கைப் பள்ளியிலேயே பூட்டிவிட்டு, பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?" இப்போது அதற்கும் பயப்படுகிறாள்.

பஸ்ஸை இன்னும் காணோம். கடைசி வண்டி போய்விட்டதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போயிருந்தால், வீட்டில் என்ன சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.