பன்னிரண்டு மணி வெயில்

படத்தைச் சட்டத்துக்குள் பொருத்திப் பின்பக்கம் சின்ன ஆணிகளாக அடித்துக்கொண்டிருந்தான் ரெய்னோ. நாளை நூலகத்தில் கண்காட்சி. மினசோட்டா மாநிலத்தின் வடபகுதி இரும்புச் சுரங்கத்தில் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். வரைந்ததெல்லாம் சாவுதான். அடிபட்ட மான், ஆள் போய்விட்ட கட்டில், நண்பர்களின் கடைசி முகம். உயிர் என்று ஒன்று இருந்தால் அது போகும்போது ஏதாவது மாற வேண்டும், அதைப் பிடித்துவிடலாம் என்று நம்பினான். ஊரில் 'சாவு ரெய்னோ' என்றுதான் பேர்.

படத்தை ஏற்றிப்போக அக்கா சில்வி வண்டியோடு வந்திருந்தாள். ஏலக்காய் ரொட்டியை மேசையில் வைத்தாள்.

"சாப்டியா, இல்ல பெயிண்டத்தான் நக்கிட்டிருக்கியா?"

"ஆணி முடியட்டும்க்கா."

"யாரப் போட்டிருக்க? மறுபடி செத்த மான்னா நான் ஏத்த மாட்டேன்."

"அம்மா."

ஜனவரியில் இறந்த அம்மாவை இன்னும் புதைக்கவில்லை. நிலம் உறைந்து கிடந்ததால் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் சவப்பெட்டி காத்திருந்தது. அடுத்த வாரம்தான் குழி.

சில்வி படத்தை நிமிர்த்தினாள். "பல் செட்ட மாட்டி விட்டிருக்கலாம்ல? தபால்காரன் முன்னாடிகூட அது இல்லாம நிக்க மாட்டா." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

படத்தில் அம்மாவின் போர்வை மேல் வெயில் விழுந்திருந்தது. அம்மாவின் அறை, இருவரும் வளர்ந்த வீடு அது. குளிர்காலத்தில் அந்த அறைக்குள் நண்பகலில் அரைமணி நேரம்தான் வெயில். மற்ற நேரம் மாட்டுக்கொட்டகை மறைத்துவிடும்.

"நீ நாலு மணிக்குத்தானே போன் பண்ண? இப்பத்தான் உயிர் போச்சுன்னு?"

"ஆமா."

"இது பன்னண்டு மணி வெயில்டா."

ரெய்னோ பார்த்தான். வெயில் சரியாக வந்திருந்தது. மாற்றி வரைய அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு. மூணே முக்கால் வரைக்கும்."

"நாப்பது நிமிஷத்துல வந்திருப்பேனே. கையையாவது புடிச்சிட்டு உக்காந்திருப்பேன். ஏண்டா கூப்பிடல?"

அன்று கட்டிலருகே வரைந்துகொண்டே, அக்கா வந்தால் அழுவாள், அம்மா அந்தப் பக்கம் திரும்புவாள், முகம் கலைந்துவிடும் என்று நினைத்தது ஞாபகம் இருந்தது. கடைசியில் பார்த்தது என்ன? ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. வேறெதுவும் மாறவில்லை. உதட்டுச் சாம்பல் நிறத்துக்குக் கொஞ்சம் பச்சை கலக்க வேண்டியிருந்தது. இப்போது தேடினாலும் மனதில் அந்தப் பச்சைதான் கிடைத்தது.

சில்வி வண்டிச் சாவியை எடுத்தாள்.

"அப்ப படத்த யாரு ஏத்திட்டுப் போறது?" என்று கேட்டான்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.