அரசப்பன் வயலில் நாற்றுமுடி ஆட்டம்

மேலக்குடிகாட்டில் காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் மைக் செட் கயல்விழியுடையதுதான். பத்தாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பதில் ஊர் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரு கல்யாணத்தில், தாய்மாமன் இரண்டாம் தடவை பந்திக்கு வருகிறார், வழிவிடுங்கள் என்று மைக்கில் அறிவித்துவிட்டு வயலோரமாக ஓடியவள்.

அவள் செய்ததில் உருப்படியானது, சமுதாயக் கூடத்து இளைஞர் மன்றம். ஞாயிறு சாயங்காலமானால் கேரம், பாட்டு, விளையாட்டு. பையன்களுக்கு டீக்கடை இருக்கிறது, உட்கார்ந்து கதைபேச வாய்க்கால் பாலக்கட்டை இருக்கிறது. பெண்பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்க ஊரில் இருந்தது அந்தக் கூடம் ஒன்றுதான். மன்றம் எதற்கென்று கேட்டவர்களிடம், ஸ்பீக்கர் துருப்பிடிக்காமல் இருக்க என்பாள்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. கூடம் பக்கத்து ஊரான கீழக்குடிகாட்டுக்கும் பொது. ஆனால் இரண்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால் என்பதால், மேலூரான் மடை திறந்தால் கீழூரான் முகம் வாடும். கீழூர்ப் பிள்ளைகள் மன்றத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஊராட்சித் துணைத்தலைவர் அரசப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த ஞாயிறு இரண்டு ஊரும் சேர்ந்து விளையாட வேண்டும்; இல்லையென்றால் சாவி அவர் கைக்கு வரும், கூடத்தில் உரமூட்டை அடுக்கப்படும்.

கயல்விழி ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கீழூர் முழுக்கக் கத்தினாள். பிள்ளைகள் வந்தார்கள். மேலூர் ஒரு சுவரோரம், கீழூர் எதிர்ச் சுவரோரம். நடுவில் கதிரறுக்கும் மெஷினே போகலாம்.

செல்போனில் பார்த்து வைத்திருந்த ஆட்டத்தை எடுத்துவிட்டாள். ஒருவர் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அதில் எது பொய் என்று எதிர்ப்பக்கம் கண்டுபிடிக்க வேண்டும். மேலூர் சூர்யபிரகாஷ் எழுந்தான்.

"எனக்கு நீச்சல் தெரியாது. எங்க வீட்ல ரெண்டு ஆடு இருக்கு. போன குறுவைக்கு ராத்திரில மடைய நாங்க தொறக்கல."

கீழூர் நௌஷாத் உட்கார்ந்தபடியே சொன்னான்: "மொத ரெண்டும் நெசம்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ யாருடைய அப்பாவையோ இழுத்தார்கள். வாசலில் அரசப்பன் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விட்டார்களாம். பறித்த நாற்று வரப்பில் கிடந்து வாடுகிறதாம். போனை வைத்தவர் உள்ளே வந்து கை நீட்டினார்.

"சாவியக் குடும்மா. பாத்தாச்சு."

கயல்விழி ஜன்னல் வழியே பார்த்தாள். கூடத்தை ஒட்டி அவருடைய வயல், சேறடித்துத் தயாராக. வரப்பில் கட்டுக்கட்டாக முடிந்த நாற்றுமுடிகள் குவியலாக.

"தரேன் பெரியப்பா. ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. உங்க வயல்லதான்."

வயலின் இந்த வரப்பில் மேலூர், அந்த வரப்பில் கீழூர் என்று நிறுத்தினாள். நாற்றுமுடியை எடுத்தவர், எதிர்வரப்பில் ஒருவர் பெயரைச் சொல்லி எறிய வேண்டும். பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடித்தால் திருப்பி எறியலாம். தவறவிட்டால் எறிந்தவரும் விட்டவரும் சேற்றில் இறங்கி, அந்த முடியைப் பிரித்துச் சேர்ந்து நட்டுவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

முதல் முடியை அவளே நௌஷாத்துக்கு எறிந்தாள். பிடித்துவிட்டான். கொஞ்சம் யோசித்து, "சூர்யபிரகாஷ்" என்று கத்தி, வேண்டுமென்றே குட்டையாக வீசினான். முடி எதிர்வரப்புக்கு முன்னாலேயே சேற்றில் விழுந்தது. சேறு சூர்யபிரகாஷின் சட்டையில் படம் வரைந்தது.

சூர்யபிரகாஷ் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"இறங்குடா நௌஷாத். நீச்சல் தெரியாதவன் நான், பயமா இருக்கு."

முதலில் சிரித்தது பெண்பிள்ளைகள். அப்புறம் முடிகள் பறந்தன. வரப்புக்கு வரப்பு பெயர்கள் பறந்தன. கீழூர் அஃப்ரீன் எறிந்ததைப் பிடிக்கப் போய் மூன்று மேலூர்ப் பையன்கள் ஒன்றாகக் கவிழ்ந்தார்கள். நட்டவர்கள் கரையேறவே மறந்து அடுத்த முடிக்குக் கை நீட்டினார்கள். வெயில் தாழ்வதற்குள் வயல் பச்சையாகிவிட்டது. வரிசை மட்டும் பாம்பு போனது போல.

எந்தச் சுவரோரம் யார் நின்றார்கள் என்று பிரித்துச் சொல்ல இப்போது ஆளில்லை. எல்லாரும் ஒரே சேற்று நிறம். கயல்விழி சாவியை நீட்டினாள். அரசப்பன் அதைப் பார்க்கவில்லை, நட்ட வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நீயே வச்சுக்க" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "மேலண்டப் பங்கு வயலு இன்னும் நடல. நாளைக்கு ஆட்டம் உண்டாம்மா?"

கயல்விழி நேராகப் போய் மைக்கைப் போட்டாள். அரசப்பன் பெரியப்பாவின் மேலண்டைப் பங்கில் நாளைக்கு ஆட்டம், எல்லாருக்கும் கறிச்சோறு அவர் செலவு என்று இரண்டு ஊருக்கும் கேட்க அறிவித்துவிட்டு, வயலோரமாக ஓடினாள்.