சலூனில் சீவிய ஆர்க்கிட் வேர்

இன்று ஹட்டனில் முடி வெட்டப் போனேன். பையில் இரண்டு ஆர்க்கிட் செடிகள். றொசல்லப் பக்கம் மரங்களில் பாசி சுரண்டியவர்கள் பாசியோடு சேர்த்துக் கீழே தள்ளியவை. இரண்டிலும் பூ இல்லை.

"பூவில்லாம என்ன இனம்னு எப்படி மாஸ்டர் சொல்லுவீங்க?" என்றார் முடிவெட்டும் முனியாண்டி அண்ணன்.

வேரைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி உள்ளமைப்பைப் பார்த்தால், எது எதற்குச் சொந்தம் என்று ஓரளவு தெரியும் என்றேன். ஒரு வாரமாகச் சீவியும் தடித்தடியாகத்தான் வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

"காஞ்ச கத்தியாலயா சீவுனீங்க? தண்ணி தொடாம யாராச்சும் சவரம் பண்ணுவாங்களா?"

கத்தியைத் தோல்வாரில் தீட்டி நனைத்தார். வேரின் குறுக்கே அழுத்தாமல் ஒரே இழுப்பு. வெங்காயத் தோல் போல ஒரு வட்டம் வந்தது. மற்ற வேரிலும் அப்படியே. இரண்டையும் தண்ணீர்க் குப்பியில் போட்டு எடுத்து வந்தேன்.

பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் இப்போதுதான் பார்த்தேன். இலையைப் பார்த்தால் ஒட்டுறவே இல்லாத அந்தச் செடிகளுக்கு, வேரின் மேலுறை ஒரே மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமாக இருக்கலாம்!

அங்கே பொறுக்கியதில் இன்னும் ஒன்பது செடிகள் வீட்டில் பாக்கி. வேரை மட்டும் நீட்டிக்கொண்டு சலூனுக்குப் போக எனக்குக் கூச்சம். என் தலையிலோ இனி வெட்ட முடியில்லை.

நாளைக்கு யார் தலையைத் தருகிறீர்கள்?