மத்தியானத்தில் மட்டும் இயங்கிய கணினி

நாவற்குடாவில் வாவிக்கரையோரத்து மீனவர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். மாரி தொடங்கியதும், அங்கிருந்த பழைய கணினி காலையில் போட்டவுடனே அணைந்துவிடும். மத்தியானத்தில் ஒழுங்காக வேலை செய்யும்.

“வெயில் ஏறினாத்தான் இதுக்கு விடியும் போல கிடக்கு,” என்றார் சங்கத் தலைவர்.

காரணம் தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் பெட்டியைக் கழற்றி உள்ளே தொட்டுப் பார்த்தேன். விரலில் ஈரம் ஒட்டியது; வெயில் ஏறி அது காய்ந்த பிறகுதான் கணினி இயங்கியிருக்கிறது. வாவியைப் பார்த்த யன்னலோரம்தான் பெட்டி இருந்தது. மெமரி அட்டையின் முனைகள் உப்புக்காற்றில் கறுத்திருந்தன. அவற்றைப் பென்சில் எழுத்தை அழிக்கும் அழிறப்பரால் தேய்த்து மாட்டினேன்.

இம்முறை கணினி அணையவில்லை. தலைவர் அடிக்கடி அணைந்துபோகும் தன் கைபேசியை நீட்டினார்.

“இதுக்குள்ளயும் ஒருக்காத் தேச்சுப் பாருங்களன்.”