சாமிக்கு வைத்த சுருட்டு

என் வாழ்நாளில் நான் ருசித்துக் குடித்த சுருட்டு ஒன்றே ஒன்றுதான். அதன் பேர் எனக்குத் தெரியாது. எந்த நாட்டுச் சரக்கு என்றும் தெரியாது. பத்துக்கு ஒன்பது மார்க் போடுவேன். குறைத்த ஒரு மார்க், அதைக் குடித்த இடத்துக்காக.

ஆனால் நான் வாயில் வைத்த சுருட்டுகளை அடுக்கினால் ஒரு பெட்டிக்கடையே போடலாம். நான் சாமியாடி. தென்காசியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் விற்கிறவன், கோயில் கொடைத் திருவிழா அன்று மட்டும் சுடலைமாடன். இலஞ்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் குடும்பக் கோயில் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு அண்ணனுக்குத்தான் அருள் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு வந்து தொலைத்தது.

வில்லுப்பாட்டில் சாமி பிறந்த கதை வந்ததும் மேளம் வேகமெடுக்கும். எனக்குக் கெண்டைக்கால் விறைக்கும். அவ்வளவுதான் நான் அறிந்தது. அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் கேட்டுக்கொள்வேன். கிடாயின் ரத்தம் குடித்தேனாம், நேர்ந்துகொண்டு வந்தவர்களைச் சாட்டையால் விளாசினேனாம், சுருட்டு சுருட்டாக ஊதித் தள்ளினேனாம். மறுநாள் நாக்கு வெந்து போய்க் கிடக்கும். வாயில் வெறும் மோர்ச்சோறுதான் இறங்கும். ருசி என்று எதுவும் நினைவில் இருந்ததில்லை.

இதில் ஒரு பயங்கரம் உண்டு. ஒரு கொடையில், வரப்புத் தகராறில் இருந்த எங்கள் பங்காளி ஒருவன் சாமியிடம் வாக்குக் கேட்டிருக்கிறான். "இறங்குலே, நான் பாத்துக்கிடுதேன்" என்று நான் சொன்னேனாம். மறுநாளே அவன் எதிராளியின் முழங்காலை உலக்கையால் உடைத்துவிட்டான். அந்த ஆள் இன்றும் காலை இழுத்துக்கொண்டு என் கடைத்தெருவில் நடக்கிறார். அவரைக் கண்டால் நான் கல்லாவுக்குக் கீழே எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொள்வேன்.

அண்ணன் மகள் விஷயம் வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முழங்கால்தான்.

அவள் கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டுக்குப் போனில் சொன்னாள். பையன் வேறு சாதி. அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று பொய் சொல்லி அவளை வரவழைத்தார்கள். ஓடி வந்தவளை வாசற்படியிலேயே அண்ணன் முடியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டான். போனைச் சுவரில் அடித்து உடைத்தான். அவளையும் அடித்தான். கொடைக்கு முந்தின சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது அவளுடைய இடது காது வீங்கிக் கன்றியிருந்தது. அந்தப் பக்கமாகப் பேசினால் அவளுக்குக் கேட்கவில்லை.

"அண்ணே, பிள்ளைய விட்டுரு. விவரமுள்ளவ, சம்பாதிக்கா, அவ பாடு அவளுக்கு" என்றேன்.

அண்ணன் கையில் இருந்த செம்பு என் வாயில் வந்து விழுந்தது. கீழுதடு கிழிந்தது.

"நீ யாருலே எனக்குப் புத்தி சொல்ல? ஸ்பேர் பார்ட்ஸ் விக்கவன் அத மட்டும் வில்லு. நாளைக்கு மதியக் கொடையில சாமிகிட்ட உத்தரவு கேக்கேன். அருவாளுக்குத் திருநீறு போட்டுட்டாருன்னா, பெறவு எவன் பேச்சும் எனக்கு வேண்டாம்."

வெளியே வரும்போது மதினி பின்கட்டில் என்னை மறித்துக்கொண்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அரிவாளைக் கொல்லனிடம் கொடுத்துப் புதுசாகப் பதம் வைத்து வாங்கியிருக்கிறான் என்று அவள்தான் சொன்னாள். "சாமி கைவிடாது கொழுந்தனாரே" என்றாள். அவன் கேட்கப் போவது என் முன்னால் நின்று. பதில் சொல்லப் போவது நான் இல்லை. உலக்கையைத் தூக்கச் சொன்ன அதே வாய்.

ஓடிவிடலாமா என்று யோசித்தேன். நான் போகாவிட்டால் பங்காளிகளில் வேறு எவனாவது ஆடுவான். அவனுக்கு அவள் யாரோ. போனேன்.

படையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பூசாரிக்கு ஒரு கொள்கை. பேப்பர் ஒட்டிய எதையும் சாமிக்கு வைக்க மாட்டார். பிராந்தி பாட்டிலைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வைப்பார். சுருட்டுக் கட்டின் தாளையும் உரித்துவிடுவார். அன்றைக்குத் தாம்பாளத்தில் நாட்டுச் சுருட்டுகளுக்கு நடுவில், கட்டைவிரலைவிடத் தடித்த வெளிநாட்டுச் சுருட்டு ஒன்று கிடந்திருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பட்டையையும் அவர் உரித்துக் குப்பையில் போட்டுவிட்டார். கொண்டுவந்து வைத்தது யாரென்று தெரியவில்லை. பிற்பாடு, துபாய் மாப்பிள்ளை ஒருவரும் செங்கோட்டை மர வியாபாரி ஒருவரும் நான்தான் வைத்தேன் என்று அடித்துச் சொன்னார்கள். பேர் என்ன என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மதியம் வெயில் கொதித்தது. கால் விறைத்தது வரை எனக்கு நினைவு இருக்கிறது. பிறகு இருட்டு.

அந்த இருட்டுக்குள் மூச்சு முட்டியது. என் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது, இழுக்கிறேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுக்கிறேன், மார்பு பிளக்கிறது, காற்று இல்லை. நாட்டுச் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். அந்தத் தடியனுக்குத் தலை மூடியிருக்கும், வெட்டிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். பூசாரிக்கு அது தெரியாது, சாமிக்கும் தெரியவில்லை. முட்டிய முட்டலில் நான் கண்ணை விழித்துவிட்டேன். நான் என்றால் நான். கடைக்காரன்.

என் மார்பெல்லாம் ரத்தம். காலடியில் தலையில்லாத கிடா இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் ரத்தத்தின் உப்பு. எதிரே மொத்தக் குடும்பமும் கைகூப்பி நின்றது. நான் அந்தச் சுருட்டின் தலையைக் கடித்துத் துப்பினேன். சாமிக்குக் கோபம் என்று நினைத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி மறுபடியும் பந்தத்தை நீட்டினார். இழுத்தேன்.

புகை உள்ளே வந்தது.

அதை எப்படிச் சொல்வது? அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு. அதற்குக் கீழே மழை பெய்த மண். தொண்டையில் எரிச்சல் இல்லை, காரல் இல்லை. மூக்கு வழியாக விட்டபோது கிராம்பு மணத்தது. இத்தனை வருடமாக நான் குடித்ததாகச் சொல்லப்பட்ட அத்தனை சுருட்டிலும் எனக்குக் கிடைக்காதது ஒரே இழுப்பில் கிடைத்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அண்ணன் மகள் அடிபட்ட காதோடு இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்கிறாள், எனக்கு நாக்கில் கருப்பட்டி இனிக்கிறது.

அண்ணன் வந்தான். அரிவாளை என் காலடியில், கிடா ரத்தத்தின் மேல் வைத்தான். மேளம் நின்றது.

"அய்யா, என் வீட்டு மானத்தத் தெருவுல விட்டுட்டா. நீரு உத்தரவு தரணும். இதுல திருநீறு போடும்."

கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றுவரை யாருக்கும் மன்னிக்கவில்லை.

சாமி புகைக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சுருட்டு தீரும்வரை எனக்கு நேரம் இருந்தது. இழுத்தேன். நடுப்பகுதியில் இனிப்பு போய் வறுத்த காப்பிக்கொட்டை வந்தது. அரிவாளை எடுத்து ஆற்றில் எறியலாம், அவன் வேறொன்று வாங்குவான். பொறு என்று சொல்லலாம், அடுத்த வாரம் வெட்டுவான். எனக்கு அழுகை வந்தது, புகைக்கு நடுவில் அது யாருக்கும் தெரியவில்லை. பாதி தாண்டியதும் சுருட்டில் லேசாகக் கசப்பு ஏறியது, வேப்பங்கொழுந்து மாதிரி. அந்தக் கசப்பும் நன்றாகத்தான் இருந்தது. கிழிந்த உதட்டில் சூடு பட்டுச் சுள்ளென்றது. என்ன செய்வது என்று அப்போது தெரிந்துவிட்டது.

சாட்டையை எடுத்து அண்ணனை அடித்தேன்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. சட்டையில்லாத முதுகில் தோல் கிழிந்து கோடு கோடாக ரத்தம் வந்தது. சாமியை யார் தடுப்பது? செம்பு பட்ட உதட்டுக்கும் சேர்த்து அடித்தேன். அவள் காதுக்கும் அடித்தேன். சின்ன வயதிலிருந்து அவனிடம் வாங்கியது அத்தனையும் என் கையில் வந்து இறங்கியது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் கைகூப்பியபடியே முழங்காலில் நின்றான். ஒரு தடவைகூட விலகவில்லை.

"ஏலே! என் பிள்ளைய வெட்ட எங்கிட்டயே உத்தரவு கேக்கியாலே? அவ மேல ஒரு கீறல் விழுந்தா உன் வீட்டுல விளக்கு எரியாது. வேரோட அறுத்துருவேன்!"

அவளைக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு பூசினேன். என் உதட்டை அவள் கூர்ந்து பார்த்தாள். மதினியின் தம்பி கார் வைத்திருந்தான். அவனைப் பார்த்து, "வண்டிய எடுலே. இவள இப்பமே கோயம்புத்தூர் கொண்டு விடு. போற வழியில தண்ணி குடிச்சாலும் குத்தம்" என்றேன். பாவம், அவன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். தோப்பைத் தாண்டிக் கார் சத்தம் மறையும்வரை சாட்டையைக் கீழே போடாமல் நின்றேன். பிறகு விழுந்தேன். அது மட்டும் நடிப்பில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவ்வப்போது போன் செய்வாள், வலது காதில் வைத்துத்தான் பேசுவாள். எனக்கு அதற்குப் பிறகு அருள் வரவே இல்லை. மேளம் அடித்தால் கால் வலிக்கிறது, அவ்வளவுதான். பங்காளி மகன் ஒருவன் ஆடுகிறான்.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. அந்தச் சுருட்டை என்னால் மறக்க முடியவில்லை. அருள் வந்தவனுக்கு எதுவும் நினைவிருக்கக் கூடாது. நானோ ஊர் ஊராகத் தேட ஆரம்பித்தேன். தென்காசியில் வெளிநாட்டுப் பொருள் விற்கிற கடையில் ஒன்று வாங்கினேன், புல் வாசம், பத்துக்கு மூன்று. துபாய் மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டு வாங்கினேன், கப்பென்று எரிந்தது, நான்கு. குற்றாலத்தில் சீசன் சமயம் கேரளத்துக்காரர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றின் மேனேஜர் எனக்கு நண்பர். யாராவது விட்டுப்போன சுருட்டு இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். இந்த ஆனியில் அவர் கூப்பிட்டுக் கொடுத்தார். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரம் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து, தலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுப் பற்றவைத்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, அது இல்லை.

பின்னால் பைக் நின்றது. திரும்புவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. சுருட்டு ஓடைக்குள் பறந்தது. காது கிண்ணென்றது. அண்ணன். அந்தக் கொடைக்குப் பிறகு அவன் என்னோடு பேசியதே இல்லை. மறுபடியும் கையை ஓங்கினான். எதிரே வந்த வேன் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. ஓங்கிய கை இறங்கியது. அவன் மதகின் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொடையில குடிச்ச சுருட்டு மாதிரி வேணும்னு ஊரெல்லாம் கேட்டுட்டு அலையுதியாமே. உனக்குக் கூறு இருக்கா? எவனாவது யோசிச்சான்னா?"

"அண்ணே, அன்னைக்கு..."

"எனக்கு அன்னைக்கே தெரியும்லே. எத்தன கொடையில நான் சாட்டையடி வாங்கிருக்கேன்? சாமி அடிச்சா வலிக்காது. அன்னைக்கு முத அடியிலயே வலிச்சுது. நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

"பெறவு ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

அவன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினான். தலையிலிருந்து சாரல் வழிந்தது, துடைக்கவில்லை.

"நீ திருநீறு போட்டிருந்தா நான் வெட்டிருப்பேன். அத்தன பேரு நின்னாங்க, ஒருத்தனும் வேண்டாங்கல. நீ அடிக்க அடிக்க, இன்னும் அடிக்கட்டும்னு இருந்துச்சு."

எனக்கு அவன் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"நல்லா இருக்காளா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கா. மாசமா இருக்கா. இப்பம் அவ இருக்கது..."

சட்டென்று என் வாயைப் பொத்தினான். பழைய காயத்தில் பல் அழுந்தி வலித்தது.

"ஊரச் சொல்லாத" என்றான். "சொன்னா நான் போயிருவேன். போனா பாக்கப் போறேனா, வெட்டப் போறேனான்னு எனக்கே இன்னும் தெரியல."

கையை எடுத்துவிட்டு, பைக்கை உதைத்து, ஆய்க்குடிப் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். நான் போனை எடுத்து, அவளுடைய நம்பருக்கு மேலிருந்த பேரை மாற்றி வைத்தேன்.