செவ்வாய்க்கிழமைக் கிளினிக்

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்க நம்பியிருந்தன. கோயிலில் பொங்கிய சர்க்கரைப் புக்கை கொடுத்தால், என் கைக்கு வருமுன்பே யாராவது "ரீச்சருக்கு வேண்டாம்" என்று மறித்துவிடுவார்கள். புக்கை என்றால் எனக்கு உயிர். வாயைப் பொத்திக்கொண்டு கடலையோடு வீட்டுக்கு வருவேன்.

உண்மையில் எனக்கு இருந்தது சூது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சண்டிலிப்பாயில் சின்னதாக ஒரு முன்பள்ளி நடத்துகிறேன். பிறந்தது காங்கேசன்துறைப் பக்கம். அங்கே எங்கள் வீட்டில் பெண்களும் குந்தியிருந்து முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். மூன்று பிடி போகுமுன்பே யாரிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. போனில் காசு கட்டி ஆடும் சீட்டு விளையாட்டு வந்தபோது, தோற்பவர்கள் சீட்டுத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன். எதிரே முகமே இல்லாத இடத்தில் என் கெட்டித்தனம் செல்லாது என்பது விளங்குவதற்குள் கையிலிருந்த நாலு தங்கக் காப்பும் போய்விட்டன.

காப்புப் போயும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒருநாள் பிள்ளைகள் இலைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம், நான் போனுக்குள் குனிந்திருந்தேன். மூன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. மரக்கறி ஏற்றிவந்த லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிறேக் போட்ட சத்தத்தில்தான் தலையை நிமிர்த்தினேன். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. நான் அதைத் தூக்கிவந்து மடியில் இருத்தி மிச்சக் கஞ்சியைப் பருக்கினேன். தாய்க்குச் சொல்லவில்லை.

கணவரிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்றாம் நாள் அவர் என் போனை எடுத்துக்கொண்டு ஒரு பட்டன் போனை வாங்கிவந்து தந்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலை காட்டுவம்" என்றார்.

காட்டலாம்தான். ஆனால் மனநலப் பிரிவில் ஆட்கள் காத்திருக்கும் வாங்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தபடி கிடந்தது. அதில் பத்து நிமிடம் இருந்தால் போதும், பின்னேரத்துக்குள் ரீச்சருக்கு விசர் என்று ஊர் முடிவுகட்டிவிடும். பிறகு யார் என்னிடம் பிள்ளையை விடுவார்கள்? இரண்டு தரம் வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் அங்கே உளவளத்துணை ஆலோசனை சொல்லும் மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். மரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் கேட்டார்.

"குடிக்கிற ஆக்கள் இஞ்சை வருவினம். அவையின்ரை பெண்சாதிமாரும் வருவினம். சூதெண்டு ஒரு பொம்பிளையும் வந்ததில்லை. பொம்பிளையளுக்கு அது இல்லையெண்டில்லை, வெக்கத்திலை வாறேல்லை" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை காலமை சீனிக் கிளினிக். இரத்தம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலை ஒரு அறை கேட்டு எடுக்கிறன். நீங்களும் அவையளை மாதிரி ஒரு கொப்பியோடை வாங்கோ, பாக்கிறவை சீனிக்கெண்டு நினைப்பினம்."

அப்படித்தான் நான் சீனி வருத்தக்காரி ஆனேன். அந்த மிஸ் ஒரு சதம் வாங்கவில்லை, ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மனம் இழுக்கும் நேரங்களைக் கொப்பியில் எழுதவைத்து, அந்த நேரங்களில் என்ன செய்யலாம் என்று என்னோடு இருந்து யோசித்தார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது முதலில் அவரைத்தான் நினைக்கிறேன்.

ஆனால் செவ்வாயில் முன்பள்ளியைப் பூட்டவேண்டி வந்தது. பெற்றோர் முணுமுணுத்தார்கள். அதற்குப் பயந்து இரண்டு கிழமை போகாமல் விட்டேன். இரண்டாம் கிழமையே சீட்டு ஆடவென்று கணவரின் போனைத் தேடி எடுத்துவிட்டேன். விட்டால் திரும்பவும் விழுந்துவிடுவேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதற்குள் இன்னொன்று என்னை அரித்தது. ரோட்டுக்குப் போன பிள்ளையின் தாய் கிழமைதோறும் எனக்குக் குறிஞ்சா இலை ஆய்ந்து கொண்டுவருவாள். சீனிக்கு நல்லதாம். கசக்கும் அந்த இலைச் சுண்டலை விழுங்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கும். ஒருநாள் இலையோடு வந்தவளை மறித்து இருக்கச் சொன்னேன்.

"தங்கச்சி, எனக்குச் சீனி வருத்தம் இல்லை."

"அப்ப நல்லதுதானே ரீச்சர்!" என்று சிரித்தாள்.

மிச்சத்தையும் சொன்னேன். போன், படலை, லான்ட்மாஸ்டர், செவ்வாய்க்கிழமை அறை, எல்லாம். அவளின் முகம் செத்துப்போனது. இலையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

அது திங்கட்கிழமை. மறுநாள் கிளினிக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முன்பள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் எல்லாருக்கும் சொல்லியிருப்பாள், ஒரு பிள்ளையும் வராது என்றுதான் நினைத்தேன். எட்டு மணிக்கு அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயை விரிக்கத் தொடங்கினாள்.

"எனக்கு உங்களிலை இன்னும் கோவம்தான் ரீச்சர்" என்றாள். "கோவம் ஆறாது. நீங்கள் போங்கோ, பஸ் வரப்போகுது. இனிச் செவ்வாய்க்கிழமையிலை பிள்ளையளை நான் பாக்கிறன்."